எப்போது கிளம்புகிறீர்கள்

எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம், சூப்பைக் கரண்டியால் அள்ளித் தட்டில் ஊற்றிக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள் அந்தப் பண்ணைக்காரி ஒதில். இளவரசியின் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, கயலைப் பார்த்துக் கேட்டாள். இந்தப் பண்ணை வீட்டில் ஐந்து வயசுக் கயல்தான் இரண்டு பக்கத்துக்கும் வாய். பாரிஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டே பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ரொட்டியின் நடுவில் விரலை விட்டுக் குடைந்தபடி, "அம்மா, நாம எப்பப் போவோம்னு கேக்கறாங்க" என்றாள். இளவரசி சிரித்தாள். அவளுக்கு எதற்கும் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்துக்கொண்டே, "சீக்கிரமே போயிருவோம்னு சொல்லு" என்றாள். கயல் சொன்னாள். ஒதில் தலையை ஆட்டிவிட்டு ரொட்டிக் கூடையை இந்தப் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறமும் தட்டை வழித்துக் குடித்தாள், மிச்சம் வைத்தால் அதையும் ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது. இப்போது காரட் பாத்தியில், கோணிச்சாக்கை மடித்து முட்டிக்கடியில் போட்டுக்கொண்டு களை பிடுங்குகிறாள். பனி இன்னும் காயவில்லை. காரட் செடியும் முடி மாதிரி மெல்லிசு, களையும் முடி மாதிரி மெல்லிசு, விரல் தானாகப் பிரித்துப் பிடுங்குகிறது, விரலுக்கு மனசு தேவைப்படவில்லை. அதனால் மனசு சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற மனசு நேற்றைய சூப்பையே திரும்பத் திரும்பக் கரண்டியால் அள்ளுகிறது. எப்போது கிளம்புகிறீர்கள். வந்து தங்கியிருக்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது.

அவள் புருஷன் புகழேந்தியின் சித்தப்பா மகன் ஒருத்தன் இப்படித்தான் பாரிஸுக்கு வந்து, அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் தங்கினான். இரண்டு நாள் என்று வந்தவன் தீபாவளியும் கழிந்து பொங்கலும் கழிந்து இருந்தான். குளிக்கப் போனால் உள்ளே பாட்டுக் கச்சேரியே நடக்கும். இளவரசியும் புகழும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், இவனை எப்படித்தான் அனுப்புவது என்று யோசிப்பார்கள். ஆனால் எப்போது கிளம்புகிறாய் என்கிற அந்த ஒரு வார்த்தை வாயில் வந்ததா? "இப்பல்லாம் ஊருக்கு டிக்கெட் சுலபமா கெடைக்குதாமே தம்பி" என்பாள். "பாவம், அங்க சின்னத்தை ஒண்டியா என்ன செய்வாங்களோ" என்பாள். கடைசியில் அவன் பெட்டியைக் கட்டி வாசலில் நின்றபோது, "என்னப்பா அவசரம், இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போகலாம்ல" என்று சொன்னவளும் அவள்தான். அந்தப் படுபாவி, "அண்ணி இவ்வளவு சொல்றப்ப எப்படிப் போறது" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்துவிட்டான். நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாத்தியில் தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கேட்டியா இந்தக் கதையை என்று சொல்ல நிமிர்ந்தால் எதிரே ஆட்டுக்கொட்டகை, அதற்கப்பால் மேடும் பள்ளமுமாக வெறும் பச்சை, அதற்கும் அப்பால் ஒரு மாதா கோயில் கோபுரத்தின் நுனி. ஒரு மனுஷத் தலை இல்லை. சிரிப்பு வந்த வழியே உள்ளே போயிற்று. அவள் பிறந்த ஜனத்தில், வேண்டாத விருந்தாளியைக்கூட இரு இரு என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அங்கே ஒருத்தர் நேருக்கு நேராக எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதும், நடையைக் கட்டு.

என்ன தப்பு செய்தோம் என்று ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள். பகல் சாப்பாடு வரைக்கும் பண்ணை வேலை, அதற்குப் பதிலாகச் சாப்பாடும் படுக்கையும், இதுதான் பேச்சு. வேலையில் குறை வைக்கவில்லை. போதும் என்று ஒதில் கையைக் காட்டின பிறகும் பாத்திரம் கழுவினாள், கொட்டகையைப் பெருக்கினாள், ஆட்டுத் தொட்டியைத் தேய்த்தாள். ஒருவேளை அதுதான் பிடிக்கவில்லையோ. இந்த ஊரில் வேலை முடிந்த பிறகு வேலை செய்வது அவமரியாதையோ என்னவோ. வந்த அன்றைக்கு ஒதில் கன்னத்தைக் கன்னத்தில் ஒற்ற முகத்தைக் கொண்டுவந்தபோது, விளக்குக் கம்பம் மாதிரி விறைத்துப்போய் நின்றோமே, அதுவோ. இல்லை, இல்லை. சீஸ். சீஸ்தான். அதை நினைக்காமல் தாண்டிவிடலாம் என்று இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தாள், கடைசியில் காலை அதிலேயே வைத்துவிட்டாள். போன வாரம், ஒதில் சந்தைக்குப் போயிருந்த பொழுது, பின்கட்டுக் குளிர் அறையில் போய்ப் பார்த்தால் கம்பித் தட்டுகளில் வரிசை வரிசையாக ஆட்டுப்பால் சீஸ், அதிரசம் அளவுக்கு, எல்லாவற்றின் மேலும் சாம்பலும் நீலமுமாகப் பூஞ்சை. ஐயோ, இவ்வளவும் கெட்டுப்போச்சே, வயசான மனுஷி, கண் தெரியவில்லை போல என்று மனசு பதறிவிட்டது. கத்தியை வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டி, சுத்தமான துணியால் துடைத்து, சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டி அடுக்கின மாதிரி வெள்ளை வெளேரென்று அடுக்கிவிட்டு, வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். ஒதில் வந்தாள். பார்த்தாள். "நோன்" என்று, ஐயோ இல்லை என்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தப் பூஞ்சை வளரத்தான் அத்தனை நாளும் காத்திருந்தாளாம், அதுதான் ருசியாம், கயல் அப்புறம் கேட்டுவந்து சொன்னாள். நம்மூரில் தோசைமாவு புளிப்பதற்குக் காத்திருப்போமே, எவளோ ஒருத்தி வந்து ஐயோ பொங்கிப்போச்சே என்று கொட்டிவிட்டால் எப்படி இருக்கும். ஆனால் நம்மூரில் என்றால் அந்த எவளையோ நாலு திட்டு திட்டியிருப்போம். "கண்ணு எங்கடி போச்சு உனக்கு" என்று கேட்டிருப்போம். திட்டினால் தீர்ந்துபோகும். ஒதில் திட்டவே இல்லை. அன்றைக்கு ராத்திரி, சுரண்டின சீஸில் ஒன்றை எடுத்து ரொட்டியில் தடவித் தானும் தின்று இவர்களுக்கும் தந்தாள். அதில் ஒரு ருசியும் இல்லை. மூன்று பேரும் கடைசித் துண்டு வரைக்கும் மென்றார்கள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியுமா என்ன. எதை வைத்துப் பதில் சொல்வது. சா வா, மெர்சி, பார்தோன், அதாவது சௌக்கியம், நன்றி, மன்னிக்கணும், இந்த மூன்றை வைத்துத்தான் கோடை முழுவதும் ஓட்டுகிறாள். திருத்துறைப்பூண்டி டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும், இளவரசி இருந்தால் பொழுது போவதே தெரியாது என்பார்கள், வாத்தியார் அவளை வாயாடி என்று வராந்தாவில் நிறுத்தினால் வராந்தாவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி இந்த ஒதிலுக்கு என்ன தெரியும். நன்றாக வேலை செய்கிறாள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள், கொஞ்சம் விவரம் பத்தாது. அவ்வளவு. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு தமாஷுக்கு ஒரு வெள்ளைக்காரர் சிரித்ததில்லை. அவள் சொன்னால்தானே. அதுகூடப் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கயல் என்னமோ சொன்னாள், ஒதில் குலுங்கிச் சிரித்தாள், அந்த அம்மாள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள். "என்னடி சொன்னே, எனக்குஞ் சொல்லேன்" என்று இவளும் சிரிக்கத் தயாராகக் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா. உனக்குப் புரியாது." அவ்வளவுதான் சொல்லிற்று குழந்தை, சாதாரணமாகத்தான் சொல்லிற்று, ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு. உனக்குப் புரியாது. விரல் ஒரு காரட் செடியைப் பிடுங்கிவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூடக் கிழங்கு பிடிக்காத காரட், நுனியில் ஆரஞ்சுப் பொட்டு. திரும்ப ஊன்றி மண்ணை அமுக்கினாள். பிழைக்காது. தெரிந்தும் அமுக்கினாள். இன்னும் கொஞ்ச நாளில் கயல் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவாள், அப்புறம் இன்னும் பெரிய பள்ளிக்கூடம், சிரிக்க ஆயிரம் விஷயம் அங்கே இருக்கும், வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் ஒருத்தி சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பாள், சாப்பாடு போடுவாள், ஒன்றும் புரியாது அவளுக்கு.

பாரிஸ் வீட்டின் அந்த ஜன்னலிலிருந்து தப்பிக்கத்தானே சைக்கிளில் ஏறினது. புகழ்தான் சொன்னான், நான் சமைக்கிற ரெஸ்டாரண்டுக்கு ஆகஸ்டில் பூட்டு, சைக்கிளில் போவோம், பண்ணைகளில் வேலை செய்தால் தங்க இடம் தருவார்களாம், கயல் ஆடுமாடு பார்க்கட்டும். இரண்டு பண்ணை வரைக்கும் மூன்று பேரும்தான். ஒரு வண்டியின் பின்னால் கயல் உட்காரும் குட்டி வண்டி, அதன் மேல் ஆரஞ்சுக் கொடி. அப்புறம் முதலாளி போன் செய்தான், அவனுடைய இன்னொரு ரெஸ்டாரண்டில் சமையல்காரன் ஒருத்தன் கையை உடைத்துக்கொண்டான், நீ வந்தால்தான் உண்டு என்று. ஒரு சின்ன ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் அவர்களைத் தவிர ஒரு புறா. "அரசி, நீயும் ஏறிரு. சைக்கிளையும் ஏத்திக்கலாம்." "நான் எதுக்குங்க? அந்த ரூம்ல உக்காந்து எதிர்வீட்டுச் சொவத்தைப் பாக்கறதுக்கா? ஆடு வேணும்னு இது ஒத்தக்கால்ல நிக்குது. நாங்க மெதுவா மிதிச்சு வந்து சேருவோம், நீங்க போங்க." "பயமா இல்லியா உனக்கு?" "பிளஸ் ஒன்னுல கவர்மெண்டு சைக்கிள் குடுத்த அன்னைக்கே வாய்க்காலுக்குள்ள எறக்குனவ நான். எனக்கென்னங்க பயம்?" அவன் சிரித்தான், கதவு மூடிக்கொண்டது, ரயில் போய்விட்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத சுமை மாதிரி. தினமும் போனில் கேட்கிறான், எப்படி இருக்கே. சூப்பரா இருக்கேங்க. தினமும் அதே பதில். பொய் என்றும் சொல்ல முடியாது. சொல்லி முடிக்கிற வரைக்கும் சூப்பராகத்தான் இருக்கிறாள்.

பயம் பிளாட்பாரத்தில் இல்லை, அது இங்கே வருகிற வழியில்தான் வந்து ஏறிக்கொண்டது. இறக்கத்தில் ஒரு லாரி ஒட்டிப் போனது, அதன் காற்று பின்வண்டியைப் பிடித்து இழுத்தது, ஹாண்டில் கையில் துடித்தது, கொடி படபடவென்று அடித்துக்கொண்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அப்புறம் மழை. ஊர் என்று பெயர்ப்பலகை இருந்ததே தவிர, வீடெல்லாம் ஜன்னல் பலகையைச் சாத்திக்கொண்டு கிடந்தது. பஸ் நிற்கும் கொட்டகைக்குள் சைக்கிளோடு ஒண்டிக்கொண்டார்கள். "பாத்தியா, நமக்குன்னு ஒரு வீடு கட்டி வெச்சிருக்காங்க" என்று குழந்தைக்கு வேடிக்கை காட்டினாள். கயல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நாம இங்க இருக்கறது யாருக்காச்சும் தெரியுமா?" யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. "மழைக்குத் தெரியும்ல" என்று சொல்லிவைத்தாள். அந்த ரோட்டில்தான் இன்றைக்கு மறுபடி இறங்க வேண்டும். அடுத்த பண்ணைக்காரர்களுக்கு மூன்று தடவை எழுதியாயிற்று, பதில் இல்லை. ஸ்டேஷன் இரண்டு மலை தாண்டி. விடிந்ததும் ஒதில் பால் கறக்கப் போன நேரம் பார்த்துத் துணிகளைச் சுருட்டி, பைகளைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் மாட்டி, கொட்டகைக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டாள். சாப்பிட்ட உடனே கிளம்பிவிட வேண்டும். எங்கே என்று மட்டும் தெரியாது. இருக்கலாமா என்று கேட்டுவிட்டால் என்ன? கேட்பதா. போ என்று சொன்னவளிடம் போய் இருக்கட்டுமா என்று கேட்பதா. அவளாக ஒரு வார்த்தை இருங்கள் என்று சொன்னால், ஒரே ஒரு வார்த்தை, இரண்டு நாள் என்று வேண்டாம், மழை விடட்டும் என்று சொன்னால் போதும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதையே பார்த்தாள், ஏதோ அது சிபாரிசுக்கு வருகிற ஆள் மாதிரி.

பாத்தியின் மேல் நிழல் விழுந்தது. ஒதில்தான், கையில் காலி வாளி, ரப்பர் பூட்ஸ், நரைத்த முடியைச் சீப்பால் இறுக்கிக் குத்தியிருந்தாள். "சா வா?" "சா வா." வாய் தானாகச் சிரித்தது. ஒதில் களையெடுத்த வரிசையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். போய்விடுவாள் போலிருந்தது. சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடலாம் என்று இளவரசி எழுந்தாள், முட்டியில் ஈரம், ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஓஜூர்துய்... பார்தீர்." இன்றைக்கு, கிளம்புகிறோம். "ஓஜூர்துய்?" ஒதில் அவளைப் பார்த்தாள், மேற்கே வானத்தைப் பார்த்தாள், திரும்ப அவளைப் பார்த்தாள். இப்போது சொல்வாள். என்ன அவசரம் என்பாள். மழை வருகிறது, குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவாய் என்பாள். யாராக இருந்தாலும் சொல்வார்கள், பிடிக்காதவளுக்கும் சொல்வார்கள், அந்தச் சித்தப்பா மகனுக்கே சொன்னோமே. "ஆ போன்" என்றாள் ஒதில். அப்படியா. வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆ போன். அப்படியா. அவ்வளவுதானா. இளவரசி திரும்ப மண்டிபோட்டாள். எதற்கு இனி களை எடுப்பது, யார் தின்னப் போகிற காரட். ஆனாலும் பாதி வரிசையில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, போன பிறகு பார்த்தால் அரைகுறை என்று சொல்லக்கூடாது. பிடுங்கினாள். ஆ போன். பிடுங்கினாள். கண் மறைத்தது, புறங்கையால் துடைத்தாள், மண் ஒட்டிக்கொண்டது. இல்லை, மண் பட்டதால்தான் கண் கரிக்கிறது. அப்படியே வைத்துக்கொள்வோம்.

"அம்மா! அம்மா!" கயல் வரப்பில் ஓடிவந்தாள், தலையெல்லாம் வைக்கோல். "செடிய மிதிக்காதடி, எரும." "நான் மிதிக்கல, நீதான் ஒக்காந்திருக்க. அம்மா, நாம இன்னைக்கேவா போறோம்? ஒதில் சொல்றாங்க." "ஒதில் அம்மான்னு சொல்லுன்னு எத்தன தடவ சொல்றது." "இங்க அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா, உனக்குத் தெரியாது. ஒதில் கேக்கறாங்க, அம்மாவுக்கு இங்க பிடிக்கலியான்னு." இளவரசியின் கை நின்றது. "நீ என்ன சொன்னே?" கயல் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "தெரியாதுன்னு சொன்னேன்." "ஏண்டி?" "எனக்குத் தெரியாதுல்ல. நீ எல்லாத்துக்கும் சிரிக்கற." சொல்லிவிட்டு ஒரு மண்புழுவைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தது குழந்தை. தெரியாது. பிரெஞ்சில் புரியாதது ஒருபக்கம் கிடக்கட்டும், இவளோடு தமிழில்தானே பேசுகிறோம், தூங்க வைக்கும்போதும் தமிழ், திட்டும்போதும் தமிழ், ராவும் பகலும் பேசுகிறோமே, அத்தனை பேச்சிலும் இவளுக்கு அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. புகழுக்கும் தெரியாது. சூப்பராக இருக்கிறாள் என்றுதான் தெரியும். ஒதிலைச் சொல்லி என்ன இருக்கிறது. அவள் கேட்கவாவது கேட்டாள்.

எழுந்தாள். "இங்கயே இரு. எங்கூட வராத." "நான் வேணாமா? உனக்குச் சொல்லத் தெரியாதும்மா." "நான் பாத்துக்கறேன்." சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. ஒதில் மேஜையில் பீன்ஸைக் குவித்து வைத்துக்கொண்டு காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இளவரசி உள்ளே போனாள், காலில் மண்ணோடு, அதைக் கவனிக்காமல். வாய் வழக்கம்போலச் சிரிக்கப் போயிற்று, அடக்கினாள். அது மிதிவண்டியை மேட்டில் ஏற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தன் நெஞ்சைத் தொட்டாள். "முவா." நான். தரையைக் காட்டினாள். "இசி, பியான்." இங்கே, நல்லாருக்கு. கதவுக்கு வெளியே ரோட்டைக் காட்டினாள். "பேர்." பயம். இன்னும் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. வழியில் நிறுத்தி நிறுத்தி எல்லோரும் கேட்ட வார்த்தை அது, தனியாகவா, தனியாகவா என்று. இல்லை இல்லை என்று கயலைக் காட்டிச் சிரித்துவிட்டு மிதித்துப் போய்க்கொண்டே இருந்தாள் இத்தனை நாளும். "ஸோல்" என்றாள். தனியாக. சொன்ன பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஒதில் பீன்ஸை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கொட்டகைக்குப் பின்னால் பை வார்களின் கொக்கி தெறிக்கிற சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று. உள்ளே நுழைந்து படுக்கிற பைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து பெஞ்சின் மேல் போட்டாள், கூடவே என்னமோ சொன்னாள், வேகமாக, கோபம் மாதிரி. பின்னாலேயே கயல். "வேலைக்கு ரெண்டு பேரு வர்றாங்களாம்மா, நாம இருக்கற ரூம் அவங்களுக்காம். நாம இருந்தா நமக்கு மாடி ரூமாம். அதுக்குத்தான் எப்பப் போவீங்கன்னு கேட்டாங்களாம். நீ ஏன் அழுவற?" "அழுவலடி. போ, ஆட்டுக்குத் தண்ணி வெச்சியா? போய்ப் பாரு." குழந்தை ஓடிவிட்டது. முதல் துளிகள் ஓட்டின் மேல் விழுந்தன. ஒதில் காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டாள், பீன்ஸ் குவியலில் பாதியை இளவரசி பக்கம் ஒதுக்கினாள். இருவரும் கிள்ளினார்கள். பிறகு எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை, இளவரசி பேசிக்கொண்டிருந்தாள், தமிழில், மளமளவென்று. கல்யாணத்தன்று மண்டபப் படி ஏறும்போது புகழுக்குச் செருப்பு அறுந்தது, அவன் ஒற்றைச் செருப்போடு முழித்தது, விமானத்தில் கொடுத்த வெண்ணெய்யை முகத்துக்குப் போடும் கிரீம் என்று நினைத்தது, பாரிஸில் வந்து இறங்கின முதல் குளிர்காலத்தில் சூரியன் எங்கே போயிற்று என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்த் தட்டாமலே திரும்பினது. பேசிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இந்த அம்மாளுக்கு இதில் ஒரு எழுத்து புரியுமா, நான் பாட்டுக்குப் பைத்தியக்காரி மாதிரி. நிறுத்தினாள். கிள்ளின காம்பு கையிலேயே இருந்தது.

ஒதில் பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒன்றைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டாள், அடுத்ததை எடுத்தாள்.

"எ அப்ரே?" என்றாள்.

அந்த வார்த்தை இளவரசிக்குத் தெரியும். அதற்கப்புறம்?

நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.